கொல்லைப்புற வழியாக ஒரு கப்பல் சுற்றுலா

முன்வாசல் வழியாகப் போயிருந்தால் எனக்கும் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்திருப்பார்கள். நான் கேட்டு வாங்கியது கொல்லைப்புறக் கதவை! காரைக்காலுக்கு வடக்கே, கோட்டுச்சேரியில் ஒரு வீடு. வாசலில் ஒரு வேன், பின்கட்டில் இரண்டு விறகடுப்பு. நாகப்பட்டினம் துறைமுகத்தில் கப்பல் வழியாக வந்து இறங்குகிறவர்களை அழைத்துப்போய், காட்டு விலங்கு, கடற்கரை, மீன் சாப்பாடு, வேண்டியவர்களுக்கு ஒரு கிளாஸ் ஒயின் என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டி அனுப்புகிற குடும்பம் அது. அந்த நாளை உள்ளேயிருந்து பார்க்கச் சம்மதம் கிடைத்ததும் எனக்குத் தூக்கமே போய்விட்டது. நீங்களும் வாருங்கள். தரை ஈரமாக இருக்கிறது, பார்த்துக் கால் வையுங்கள்.

மணி மூன்று. பிப்ரவரிப் பனியில் கொல்லை முழுக்க நனைந்து கிடக்கிறது. உள்ளே அனல்! சமையல் அக்கா இட்லிப் பானைத் துணியை உதறுகிறார். இரண்டு பெண்கள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே யாரோ ஒரு மாமியாரைப் பற்றி விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். கண்ணீர் வெங்காயத்தாலா சிரிப்பாலா என்று தெரியவில்லை. ஆறிய இட்லிக்கு இரண்டு பக்கமும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி. வாட்டிய வாழையிலையில் மடித்து, மேலே நியூஸ்பேப்பர் சுற்றி, நூல் கட்டி, எல்லாம் மூடி போட்ட எவர்சில்வர் தூக்குகளுக்குள் போகின்றன. எதற்கு இவ்வளவு பத்திரம்?

“கோடியக்கரைக் குரங்குக்கு பிளாஸ்டிக் பை தெரியும், பேப்பர் பொட்டலம் தெரியும். தூக்குவாளி மூடி திருகுறது மட்டும் இன்னும் தெரியாது. தெரிஞ்சா நாம பட்டினி” என்கிறார் அக்கா.

ஓட்டுநர் தம்பி வந்து சுடச்சுட ஒரு இட்லியை வாயில் போட்டுக்கொண்டு அன்றைய திட்டத்தைச் சொல்கிறார். இந்தப் பயணத்தின் பெரிய ரகசியமே அந்த வரிசையில்தான் இருக்கிறது. “மான் தமிழ்நாட்டுல, ஒயின் நம்மூர்ல. நடுவுல செக்போஸ்ட். அதனால மொதல்ல மான், அப்புறம் ஒயின். மாத்திப் போட்டா மாட்டிக்குவோம்ணே!” அவ்வளவுதான் சூத்திரம். காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. சுற்றிலும் தமிழ்நாடு, கிழக்கே கடல். தெற்கே வாஞ்சூரில் ஒரு சோதனைச்சாவடி, வடக்கே நண்டலாற்றில் இன்னொன்று. இங்கே வாங்கும் பாட்டிலை அந்தப் பக்கம் கொண்டுபோனால் வழக்கு. விருந்தாளிகள் என்னவோ இயற்கையழகுக்காக அமைத்த வரிசை என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்!

மூன்றே முக்காலுக்கு வேன் கிளம்பியது. முன்சீட்டில் வீட்டுப் பெரியப்பா, தலையில் மஃப்ளர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று பாரிஸில் குடியிருப்பவர். இந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட வீடுகளைச் ‘சொல்தா வீடு’ என்பார்கள். 1739-ல் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன காரைக்கால், 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவோடு சேர்ந்தது. 1962-ல் ஒப்பந்தம் முழுமையானபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே நிறைய. பெரியப்பா வரும்போதெல்லாம் பெட்டியில் இரண்டு பாட்டில் சிவப்பு ஒயின் வரும். ஒயினுக்கும் இந்தக் கொல்லைக்கும் உள்ள உறவு அப்படித் தொடங்கியதுதான்.

நாகப்பட்டினத்தில் விடுதி வாசலில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் தயாராக நின்றது: அப்பா, அம்மா, இரண்டு பெண்கள், ஒரு அம்மம்மா. முந்தைய மாலைதான் காங்கேசன்துறையிலிருந்து ‘சிவகங்கை’ கப்பலில் வந்திருந்தார்கள். சுமார் 110 கிலோமீட்டர் கடல், நாலு மணி நேரப் பயணம். 2023 அக்டோபர் 14-ல் ‘செரியபாணி’ என்ற கப்பலோடு தொடங்கி, ஒரே வாரத்தில் மழைக்காலத்துக்காக நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’யோடு திரும்பி வந்த வழித்தடம் இது. பெரியப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. “எங்க காலத்துல ‘ரஜூலா’ம்மா! சிங்கப்பூர், பினாங்கு போற கப்பல். கரைக்கே வராது. தூரத்துல நிக்கும், நாம படகுல போய் ஏறணும்.” 1926-ல் கட்டி 1973 வரை ஓடிய கப்பல் அது. அம்மம்மாவும் விடவில்லை, தன் தகப்பனார் வத்தைப் படகில் வேதாரண்யத்துக்கு வந்த கதையை எடுத்தார். பின்சீட்டில் பெண்கள் தூங்கிவிட்டார்கள். முன்பக்கத்தில் இரண்டு கிழங்களுக்கும் போட்டி வேளாங்கண்ணி தாண்டியும் நிற்கவில்லை.

வேதாரண்யம் வந்தபோது கிழக்கு வெளுத்தது. 1930-ல் ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளிய மண். இப்போதும் பாத்திகளில் ஆட்கள் குனிந்து நிற்கிறார்கள். அதைத் தாண்டினால் கோடியக்கரை. 1967-ல் வனவிலங்கு சரணாலயம் ஆனது. 2002-ல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வனத்துறை அலுவலகத்தில் சீட்டு வாங்குவதற்குள் குரங்குப் படை வேனைச் சுற்றிவிட்டது. ஒன்று கண்ணாடி வழியாகத் தூக்குவாளியை உற்றுப் பார்த்தது. மூடியைத் தொட்டது. விட்டது. அக்கா ஜெயித்தார்!

சைக்கிளில் வந்த வாட்சர் அண்ணன் எங்களோடு ஏறிக்கொண்டார். விருந்தாளிகள் மானைத் தேடி நாலா பக்கமும் கழுத்தைத் திருப்ப, அவர் தரையை மட்டுமே பார்க்கிறார். ஈர மணலில் இதய வடிவத்தில் குளம்படி. விளிம்பு கூர்மையாக, உள்ளே இன்னும் தண்ணீர் ஊறாமல். “இப்பத்தான் போயிருக்கு” என்று விரலால் தொட்டுக் காட்டினார். என்ஜின் நின்றது. எல்லோருடைய செல்போனும் ஊமையானது. புல்வெளியில் முதலில் தெரிந்தது கொம்புதான், திருகித் திருகி மேலே போகிற கொம்பு. பிறகு கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். வெளிமான்! பின்னால் பழுப்பு நிறத்தில் பெண்மான்களின் கூட்டம். சின்னப் பெண்ணுக்குத் தும்மல் வந்தது, பாவம், மூக்கைப் பிடித்தும் அடங்கவில்லை. ‘அச்!’ அத்தனை மானும் ஒரே நேரத்தில் அந்தரத்தில்! “ஐயோ, எத்தினை வடிவு! இன்னொருக்கா தும்மு பிள்ளை!” என்றார் அம்மம்மா. வாட்சர் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

விருந்தாளிகள் இட்லி சாப்பிட்ட நேரத்தில் நான் அவரோடு நழுவினேன். மரத்தடியில் ஒரு சிமெண்ட் தொட்டி. மனிதர் கைலியை மடித்துக் கட்டி உள்ளே இறங்கி, தேங்காய் நாரால் பாசியைத் தேய்க்கத் தொடங்கிவிட்டார். கோடை வந்தால் காட்டுக்குள் குடிக்கிற தண்ணீர் வற்றும். அப்போது இந்தத் தொட்டிகளில் தண்ணீர் ஊற்றி நிரப்புவார்கள். நரி, புள்ளிமான், காட்டுக்குதிரை எல்லாம் வரிசை வைத்துக் குடிக்கும் என்றார். “யார் மொதல்ல?” என்று கேட்டேன். “குதிரைதான். அதுக்கு மரியாதையே தெரியாது.” முழங்கை வரை பச்சைப் பாசி, நெற்றியில் வியர்வை, முகத்தில் சிரிப்பு. எந்தச் சுற்றுலாப் படத்திலும் இந்தத் தொட்டி இருக்காது. ஆனால் இது வற்றினால் அந்தப் படத்தில் மானும் இருக்காது.

திரும்பும் வழியில் சதுப்பில் பூநாரைகள். யாரோ தண்ணீர்மேல் ரோஸ் நிறப் புடவையை நீளமாகக் காயப்போட்டது போல இருந்தது. உப்புநீரில் இருக்கும் பாசியும் சின்னஞ்சிறு இறாலும் தின்றுதான் அந்த நிறம் வருகிறது என்று பெரியப்பா பாடம் எடுத்தார். “அப்ப நானும் இறால் தின்னா ரோஸ் ஆவேனா?” என்று சின்னவள் கேட்க, மதியச் சாப்பாட்டில் சோதித்துப் பார்ப்பதாக முடிவானது.

எட்டரை மணிக்குப் போன் அடித்தது. ஓட்டுநர் வேனை ஓரம் கட்டி ஸ்பீக்கரில் போட்டார். கோட்டுச்சேரிமேட்டுக் கடற்கரையில் அக்காவின் கொழுந்தனார். படகுகள் வந்துவிட்டன, மணலில் ஏலம் நடக்கிறது, அத்தனை சத்தமும் வேனுக்குள்! கொடுவா இருக்கிறதாம், இறால் கொஞ்சம், சங்கரா கூடை கூடையாக. “கொடுவா விடாதீங்க மாமா!” என்று ஓட்டுநர் கத்த, “நீ ரோட்டப் பாரு!” என்று அங்கிருந்து பதில். விருந்தாளிகளின் மெனு அந்த நிமிடத்தில்தான் முடிவாகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது. அப்போது சின்னப் படகுகள் கொண்டுவருவதுதான் சாப்பாடு என்றார் ஓட்டுநர்.

பதினொன்றரைக்கு வீடு. விருந்தாளிகள் மாமர நிழலுக்குப் போக, நான் பின்கட்டுக்கு ஓடினேன். அடுப்பங்கரையில் போர்க்களம்! அக்காவின் புடவைத் தலைப்பு இடுப்பில், முகம் செக்கச் சிவந்து, கையில் கரண்டி. மண்சட்டியில் மீன் குழம்பு கொதித்து எண்ணெய் பிரிகிறது. கடைசியாக ஒரு பீங்கான் ஜாடி திறந்தது. வடகம்! சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம் எல்லாம் விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி வெயிலில் காயவைத்த உருண்டை. ஒன்றை உதிர்த்துச் சூடான எண்ணெயில் போட்டதும் தெருவுக்கே தெரிந்துவிடும். பிரெஞ்சுச் சமையல்காரர்கள் இதைத்தான் ‘வடூவான்’ என்று பெரிய ஓட்டல்களில் சேர்க்கிறார்கள் என்று பெரியப்பா சொல்ல, “அப்ப அவங்களுக்கும் ஒரு ஜாடி குடுத்து விடுங்க” என்றார் அக்கா, திரும்பிப் பார்க்காமலே.

ஒயின் எங்கே? மீன் பெட்டியில்! காரைக்கால் கடையில் வாங்கிய நாசிக் வெள்ளை ஒயின், கொடுவாவுக்கு வந்த ஐஸில் கழுத்து வரை புதைந்து கிடக்கிறது. பக்கத்தில் இரண்டு சங்கரா. வெளியே எடுத்ததும் எலுமிச்சை மூடியால் பாட்டிலைத் தேய்த்து, ஓட்டுநர் மோந்து பார்த்து, அக்கா மோந்து பார்த்து, இருவரும் தலையாட்டிய பிறகே அது மேசைக்குப் போகும். பாரிஸ் சிவப்பு ஒயினுக்கு வேறு சிக்கல்: கார்க் திருகியைக் காணோம். அரிவாள்மணை அடியில் தேடினார்கள், சாமி அலமாரியில் தேடினார்கள், கடைசியில் தையல் மிஷின் டிராயரில் பாபினோடு பாபினாகக் கிடந்தது.

அக்கா குடிக்க மாட்டார். ஆனால் பெரியப்பா கிளாஸை நீட்டினால் மோந்து தீர்ப்புச் சொல்லுவார். மூக்கைச் சுளித்தார், மறுபடி மோந்தார். “நல்லாக் கனிஞ்ச நாவப்பழம். கொஞ்சம் ஈர விறகு.” பெரியப்பா கைதட்டிவிட்டார்! அம்மம்மாவுக்கு நன்னாரி சர்பத், பிள்ளைகளுக்கு மோர். சின்னவள் எட்டு இறால் தின்று கன்னத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள்.

விருந்து முடிந்து வெளியே குறட்டைச் சத்தம் கேட்கத் தொடங்கியபோதுதான் உள்ளே பந்தி. காலியான மண்சட்டியில் சுடுசோற்றைக் கொட்டி, அடியில் ஒட்டிய குழம்போடு பிசைந்து, அக்கா ஆளுக்கொரு உருண்டை கையில் வைத்தார். சட்டி ஓரத்தில் பிடித்திருந்த காந்தல் எனக்கு வந்தது. மேசையில் பரிமாறியதும் அதே குழம்புதான். ருசி இங்கேதான் உச்சம், சத்தியமாக!

நாலு மணிக்குத் தரங்கம்பாடி. பத்துக் கிலோமீட்டருக்குள்தான், ஆனால் நடுவில் நண்டலாறு. ஓட்டுநர் ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் தலையை விட்டுப் பார்த்தார். பெரியப்பாவின் துணிப்பையில் ஏதோ உருண்டது. பாதி சிவப்பு ஒயின்! “சாயங்காலம் கடற்கரையில...” என்று அவர் இழுக்க, “பெரியப்பா!” என்று நாலு பேர் ஒரே குரலில். ஒரு பையன் மொபெட்டில் பாட்டிலை மடியில் வைத்து வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போனான்.

1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்பர்க் கோட்டை மஞ்சள் வெயிலில் நின்றது. பக்கத்தில் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில். அதன் முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. பெண்கள் அலையில் குதிக்க, ஓட்டுநர் தம்பி ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வேன் நிழலில் கணக்கு எழுதினார்: டீசல், மீன், ஐஸ், வெங்காயம் உரித்தவர்களுக்குக் கூலி. அதில் வாட்சர் அண்ணனுக்கு வாங்கிய டீயும் இருந்தது.

அந்தக் கணக்கைப் பார்த்தபோது இன்னொரு கப்பல் நினைவுக்கு வந்தது. 2025 ஜூலையில் எம்ப்ரஸ் என்ற பெரிய சொகுசுக் கப்பல் புதுச்சேரிக்கு வந்தது. கரையை நெருங்காமல் கடலில் நின்றது. பயணிகள் சிறு படகுகளில் வந்து ஊர் பார்த்துப் போனார்கள். இப்படிக் கப்பல்கள் இன்னும் வரட்டும், இந்தக் கடற்கரைக்கு அந்த அழகு உண்டு. வருகிறவர்களின் பணமும் பாராட்டும் தொட்டியைத் தேய்க்கிற கைக்கும், ஏலத்தில் நிற்கிற காலுக்கும், மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுகிற பெண்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஒரு நாளை இன்பமாக்கும் வித்தை அவர்களிடம்தான் இருக்கிறது. இதை எழுதும்போது அக்காவிடமிருந்து போன்: அடுத்த கப்பலில் ஒன்பது பேராம், இரண்டு பேர் சைவமாம், கத்திரிக்காயும் மொச்சையும் வாங்கியாயிற்றாம். “வெங்காயம் உரிக்க ஆள் கம்மி, வர்றியா?” என்கிறார். இதோ கிளம்பிவிட்டேன்!