ராக்கெட்டில் திட எரிபொருள் எரியும் முறை

சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் அமைக்கப்பட்டது. பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையிலுள்ள ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவு இம்மாவட்டத்தைச் சேர்ந்தது. 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளை இங்கிருந்து ஏற்றிச் சென்ற எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் நான்கு கட்டங்களும் திட எரிபொருளால் இயங்கியவை. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதற்கட்டத்தில் சுமார் 138 டன் திட எரிபொருள் உள்ளது. இது ஸ்ரீஹரிக்கோட்டா ஆலையிலேயே வார்க்கப்படுகிறது.

விறகு எரியக் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் வேண்டும். காற்றற்ற வெளியிலும் இயங்க வேண்டிய ராக்கெட், ஆக்ஸிஜனைத் தன்னுடனேயே எடுத்துச் செல்கிறது. திட எரிபொருளின் பெரும்பகுதியான அம்மோனியம் பெர்குளோரேட் என்னும் உப்பு அதனை அளிக்கிறது. அலுமினியப் பொடி வெப்பத்தைக் கூட்டுகிறது. செயற்கை ரப்பர் இவ்விரண்டையும் பிணைப்பதுடன் தானும் எரிகிறது. கூழ் போன்ற இக்கலவை ராக்கெட்டின் உறைக்குள் ஊற்றப்பட்டு இறுகச் செய்யப்படுகிறது. நடுவில் நீண்ட துளை விடப்படுகிறது.

மின் சமிக்ஞை கிடைத்ததும் முதலில் எரிவது பற்றவைக்கும் சாதனம். அதுவே ஒரு சிறு ராக்கெட் எனலாம். அதன் வெப்ப வாயுக்கள் துளையின் உட்பரப்பைத் தாக்குகின்றன. மேற்பரப்பு சிதைந்து வாயுவாகி, பரப்பிற்குச் சற்று மேலே எரிகிறது. அவ்வெப்பம் அடுத்த அடுக்கைச் சிதைக்கிறது. இவ்வாறு வினாடிக்குச் சில மில்லிமீட்டர் வீதம், அடுக்கடுக்காக எரிபொருள் எரிகிறது. ஆயினும் எரியும் பரப்பு மிகப் பெரிதாதலால், பி.எஸ்.எல்.வி. முதற்கட்டத்தில் வினாடிக்கு ஒரு டன்னுக்கும் மேல் செலவாகிறது.

ஆகவே உந்துவிசையை நிர்ணயிப்பது துளையின் வடிவமே. வட்டத் துளை எரிய எரிய விரிவதால் விசை உயரும். நட்சத்திர வடிவத் துளையில் அதனை ஏறக்குறைய சீராக வைத்திருக்கலாம். எரிபொருளில் விரிசல் இருப்பின், தீ அதனுள் புகுந்து எரியும் பரப்பைப் பெருக்கும். அழுத்தம் உயரும், அழுத்தம் உயர்ந்தால் எரியும் வேகமும் கூடும். முடிவில் உறையே வெடிக்கக்கூடும்.

திரவ எரிபொருள் எஞ்சினை வால்வை மூடி நிறுத்தலாம். திட எரிபொருளைப் பற்றவைத்த பின் அவ்வாறு நிறுத்த வழியில்லை. 2004 பிப்ரவரி 23 அன்று ஸ்ரீஹரிக்கோட்டாவின் திட எரிபொருள் பிரிவில், பணியின்போது எரிபொருள் தீப்பற்றியதில் அறுவர் உயிரிழந்தனர். இத்தீயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு, அது தோன்றுவதற்கு முன்பே உள்ளது. கலவையின் அளவு, வார்ப்பின் செம்மை, எக்ஸ்-கதிர்ச் சோதனை, பணியாளரின் விழிப்பு ஆகியவற்றில்தான் ராக்கெட்டின் வெற்றியும், அதனை உருவாக்குவோரின் உயிரும் அடங்கியுள்ளன.