அமெரிக்காவுல இமிக்ரேஷன் வாய்தாவைத் தவறவிட்டா என்ன ஆகும்?

போன மாசம் அம்பாசமுத்திரத்துல இருந்து ஒரு அப்பா, பாளையங்கோட்டையில நம்ம ஆபீஸுக்கு வந்தார். "சார், பையனுக்கு 15 லட்சம் அனுப்பணும். வயலை ஒத்திக்கு வச்சிருக்கேன். டிசிஎஸ் எவ்வளவு பிடிப்பாங்க?"

பையன் எச்-1பி விசாவுல இருந்தவர். வேலை போச்சு, 60 நாள் அவகாசமும் முடிஞ்சுது. இமிக்ரேஷன் கோர்ட்டுல இருந்து முதல் நோட்டீஸ் கைக்கு வந்தது. அப்புறம் வீடு மாறினார். வாய்தா தேதி சொன்ன கடிதம் பழைய வீட்டுக்குப் போயிடுச்சு. அவர் இல்லாமலே நாட்டை விட்டு வெளியேத்தச் சொல்லி உத்தரவு போட்டுட்டாங்க.

எங்க தப்பு நடந்துச்சு?

அவர் ஏஆர்-11 படிவம் போட்டு அட்ரஸை மாத்தியிருக்கார். ஆனா அது விசா பார்க்கிற துறைக்கு மட்டும்தான். இமிக்ரேஷன் கோர்ட் நீதித் துறைக்குக் கீழ வருது. அங்க 5 நாளுக்குள்ள இஓஐஆர்-33 படிவம் தனியா தரணும். பேங்க்ல அட்ரஸ் மாத்தினா பான் கார்டுல தானா மாறாதில்லியா, அதே கதைதான்.

வாய்தா தப்பினா என்னென்ன வரும்?

- நம்ம ஊர் எக்ஸ் பார்ட்டி மாதிரி, நீங்க இல்லாமலே உத்தரவு.
- வெளியேத்தப்பட்டா, பொதுவா 10 வருஷம் திரும்ப நுழைய முடியாது.
- அந்த உத்தரவோட பிறகு கைதானா, 2025 சட்டப்படி குறைஞ்சது 5,000 டாலர் கட்டணம்.
- "வழக்கு நடக்கும்போதே ஊருக்கு ஃப்ளைட் ஏறிட்டா முடிஞ்சுது"ன்னு நினைக்காதீங்க. வழக்கு தானா மூடாது. நீங்க இங்க இருக்கும்போதே அங்க உத்தரவு வரலாம்.

திரும்பத் திறக்க வழி இருக்கா?

இருக்கு. கடுமையான நோய், நெருங்கிய குடும்பத்துல மரணம் மாதிரி அசாதாரண காரணம்னா 180 நாளுக்குள்ள மனு போடணும். சட்டப்படி நோட்டீஸே தரலைன்னா காலக்கெடு கிடையாது. மனு போட்டதும், ஜட்ஜ் முடிவு சொல்ற வரைக்கும் வெளியேத்த முடியாது. ஆனா "வீடு மாறிட்டேன், சொல்ல மறந்துட்டேன்"னா கஷ்டம். அதுக்குத்தான் அந்த வக்கீல் செலவு.

அப்பா கேட்ட கணக்கு

எல்ஆர்எஸ்ல இந்த மாதிரி செலவுக்கு, ஒரு நிதியாண்டுல 10 லட்சத்துக்கு மேல போற தொகைக்கு 20% டிசிஎஸ். 15 லட்சம் அனுப்பினா, மிச்ச 5 லட்சத்துக்கு 1 லட்சம். இது நஷ்டம் இல்ல. ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம், ரீஃபண்டும் வரும். ஆனா அன்னைக்குக் கையில 16 லட்சம் வேணும். அதைக் கேட்டதும் அவர் கொஞ்ச நேரம் பேசல.

இப்பவே செய்ய வேண்டியது

1. வழக்கு இருந்தா, 9 இலக்க ஏ-நம்பரைப் போட்டு கோர்ட் இணையதளத்துல வாரம் ஒரு தடவை தேதி பாருங்க.
2. வீடு மாறினா ரெண்டு படிவமும் போடுங்க, நகல் வச்சுக்கோங்க.
3. வெளிநாட்டுல இருக்கிறவங்க 6 மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் வைங்க. ஊர்ல இருக்கிற வயல் அந்த ஃபண்ட் இல்ல.

நான் சிஏ, அமெரிக்க வக்கீல் இல்ல. வழக்குக்கு அங்க லைசென்ஸ் உள்ளவரைப் பாருங்க. பணம் அனுப்புற சந்தேகம்னா கமெண்ட்ல கேளுங்க, அடுத்த வீடியோல பேசுவோம்.