தொடுதிரையும் சிறிய கம்ப்யூட்டரும்

குஜராத் மாநிலத்தில் பால் கூட்டுறவுச் சங்கங்கள் நிறைய உண்டு. காலையிலும் மாலையிலும் பெண்கள் பாலைக் கொண்டுவந்து ஊற்றுவார்கள். முன்பு எல்லாம் ஒருவர் அளப்பார். இன்னொருவர் நோட்டில் எழுதுவார். இன்று பல சங்கங்களில் இயந்திரமே பாலை எடை போடுகிறது. கொழுப்பு எவ்வளவு என்று காட்டுகிறது. எத்தனை ரூபாய் என்று கணக்கிட்டுச் சீட்டும் கொடுக்கிறது.

எண்கள் திரையில் தெரிகின்றன. படிக்கத் தெரிந்தவர் தன் எடை சரியா, பணம் சரியா என்று அந்த இடத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். படித்ததன் பயன் இதுதான்.

ஆனால் ஒரு நாள் திரை வேலை செய்யவில்லை என்றால்? நகரத்திலிருந்து ஆள் வர வேண்டும். இரண்டு நாள் ஆகலாம். வந்தவர், "திரை போய்விட்டது, புதியது வாங்குங்கள்" என்று சொல்லலாம். அது உண்மையா? ஒரு வயர் மட்டும் கழன்றிருக்குமோ? திரை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர்தான் இந்தக் கேள்வியைக் கேட்க முடியும்.

பால் மையம் போன்ற இடத்தில் கணக்குக் காட்ட ஒரு சிறிய கம்ப்யூட்டரும் ஒரு தொடுதிரையும் போதும். இரண்டையும் இணைப்பது எப்படி என்று பார்ப்போம்.

ஒரே பலகையில் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் என்றால் பெரிய பெட்டி என்று நினைக்கிறோம். உள்ளங்கையில் அடங்கும் கம்ப்யூட்டரும் உண்டு. மூளை, நினைவகம், வயர் செருகும் இடங்கள் எல்லாம் ஒரே பச்சைப் பலகையில் இருக்கும். இதை ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டர் என்பார்கள்.

இவற்றில் பெயர் பெற்றது ராஸ்பெர்ரி பை. இது இங்கிலாந்தில் உருவானது. 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. அப்போது அதன் விலை 35 டாலர். பிள்ளைகள் குறைந்த செலவில் கம்ப்யூட்டர் கற்க வேண்டும் என்பதே அதைச் செய்தவர்களின் நோக்கம். பிறகு தொழிற்கூடங்களும் கடைகளும் அதைப் பயன்படுத்தத் தொடங்கின. இன்று பல விலைகளில் பல மாதிரிகள் உள்ளன.

லினக்ஸ் என்றால் என்ன?

பலகை உடல் என்றால், அதை இயக்குவது ஒரு மென்பொருள். ராஸ்பெர்ரி பையில் ஓடுவது லினக்ஸ். ஃபின்லாந்து நாட்டில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் இதைத் தொடங்கினார். இதை யாரும் பணம் கொடுக்காமல் பயன்படுத்தலாம். உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம். தேவைக்கு ஏற்ப மாற்றலாம். நம் நாட்டில் கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் கற்கிறார்கள்.

ராஸ்பெர்ரி பையில் லினக்ஸ் ஒரு மெமரி கார்டில் இருக்கும். செல்போனில் போடும் அதே சிறிய கார்டுதான்.

விரல் பட்டதைத் திரை எப்படி அறிகிறது?

தொடுதிரையில் இரண்டு பொருள்கள் ஒட்டியிருக்கின்றன. கீழே இருப்பது படம் காட்டும் திரை. மேலே இருப்பது தொடுதலை உணரும் கண்ணாடி. இந்தக் கண்ணாடி படம் காட்டாது. விரல் எங்கே பட்டது என்பதை மட்டும் சொல்லும்.

தொடுதலை உணர்வதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகையில் கண்ணாடிக்குள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்கோடுகள் இருக்கும். அவை குறுக்கும் நெடுக்குமாக ஓடும். நம் உடலில் மின்சாரம் பாயும். எனவே விரல் பட்டதும் அந்த இடத்தில் மின் அளவு சிறிது மாறும். செல்போனில் இருப்பது இந்த வகை. மெதுவாகத் தொட்டாலே போதும். ஆனால் தடித்த ரப்பர் உறை போட்ட கையை இது உணராமல் போகலாம். கண்ணாடியில் தண்ணீர் இருந்தால் குழம்பும்.

இரண்டாவது வகையில் இரண்டு மெல்லிய ஏடுகள் இருக்கும். நடுவே சிறு இடைவெளி. அழுத்தினால் மேல் ஏடு கீழ் ஏட்டைத் தொடும். கொஞ்சம் அழுத்தித் தொட வேண்டும். ஆனால் ஈரக் கையாலும், உறை போட்ட கையாலும், குச்சியாலும் அழுத்தலாம்.

பால் மையத்தில் கை எப்போதும் ஈரம். அங்கே எந்த வகை நல்லது? வாங்கும் முன் இதை யோசிக்க வேண்டும்.

எந்த வகையானாலும் கண்ணாடி சொல்வது இரண்டு எண்கள்தான். இடமிருந்து எத்தனையாவது புள்ளி? மேலிருந்து எத்தனையாவது புள்ளி? ஒரு திரையில் குறுக்கே 800 புள்ளிகள், நெடுக்கே 480 புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். நட்ட நடுவில் தொட்டால் 400, 240 என்று செய்தி போகும். அந்த இடத்தில் எந்தப் பொத்தானின் படம் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் பார்க்கும். அந்த வேலையைச் செய்யும்.

படத்துக்கு ஒரு வழி, விரலுக்கு ஒரு வழி

இதுதான் முக்கியம். படம் கம்ப்யூட்டரிலிருந்து திரைக்குப் போகிறது. விரலின் செய்தி திரையிலிருந்து கம்ப்யூட்டருக்கு வருகிறது. இரண்டும் வேறு வேறு வழிகள். ஒன்று நன்றாக இருக்கும்போதே மற்றது கெடலாம்.

சில திரைகளில் இந்த இரண்டு வழிகளையும் கண்ணால் பார்க்கலாம். படத்துக்கு எச்.டி.எம்.ஐ. வயர் இருக்கும். விரலுக்கு யு.எஸ்.பி. வயர் இருக்கும். யு.எஸ்.பி. வயரைச் செருகாவிட்டால் படம் தெரியும், தொட்டால் ஒன்றும் நடக்காது.

வேறு சில திரைகளில் தட்டையான ஒரே பட்டை வயர் இருக்கும். ராஸ்பெர்ரி பைக்காக 2015 செப்டம்பரில் வெளிவந்த 7 அங்குலத் திரை இப்படிப்பட்டது. அந்தப் பட்டைக்குள் படத்துக்குச் சில கம்பிகளும் விரலுக்குச் சில கம்பிகளும் தனித்தனியே ஓடுகின்றன.

மூன்றாவதாக, திரைக்கு மின்சாரமும் வேண்டும். அதற்கும் வயர் உண்டு.

இணைக்கும் முறை

பட்டை வயர் உள்ள 7 அங்குலத் திரையை ராஸ்பெர்ரி பை 4 பலகையில் இணைப்பதைப் பார்ப்போம்.

1. முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகே கை வையுங்கள். பலகையை ஓரத்தில் பிடியுங்கள். ஈரக் கை கூடாது.

2. பலகையில் பட்டை வயர் செருக இரண்டு இடங்கள் இருக்கும். ஒன்று கேமராவுக்கு, மற்றது திரைக்கு. 'டிஸ்ப்ளே' என்று எழுதியிருக்கும் இடமே திரைக்கு உரியது. படித்துப் பார்த்துச் செருகுங்கள்.

3. செருகும் இடத்தில் ஒரு சிறிய பூட்டு இருக்கும். அதை இரு ஓரத்திலும் நகத்தால் மெல்லத் தூக்குங்கள். முழுதாகப் பிடுங்க வேண்டாம். உடைந்தால் பட்டை நிற்காது.

4. பட்டையின் நுனியில் ஒரு பக்கம் உலோகக் கோடுகள் தெரியும். செருகும் இடத்திலும் ஒரு பக்கம் உலோக முனைகள் இருக்கும். கோடுகள் அந்த முனைகளைத் தொட வேண்டும். பட்டையை நேராக, முழு ஆழம் செருகுங்கள். பிறகு பூட்டை அழுத்துங்கள். கோணலாக இருந்தால் படம் வராது.

5. இனி மின்சார வயர்கள். பலகையின் ஓரத்தில் 40 ஊசி முனைகள் இரண்டு வரிசையாக நிற்கும். விளிம்பை ஒட்டிய வரிசையில் மூலையிலிருந்து முதல் முனை 5 வோல்ட். அது 2-ஆம் எண். அதே வரிசையில் மூன்றாவது முனை எர்த். அது 6-ஆம் எண். சிவப்பு வயர் 2-இல், கறுப்பு வயர் 6-இல்.

இங்கே அவசரம் கூடாது. செய்தி போகும் முனைகள் 3.3 வோல்ட்டை மட்டுமே தாங்கும். 5 வோல்ட் அங்கே பட்டால் பலகை கெட்டுவிடும். இரண்டு முறை எண்ணிப் பாருங்கள்.

6. எல்லாம் சரி பார்த்த பிறகு மின்சாரம் கொடுங்கள். பை 4 பலகைக்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் சார்ஜர் வேண்டும். பழைய செல்போன் சார்ஜர் போதாது. மின்சாரம் போதாவிட்டால் திரையில் மின்னல் குறி தோன்றும்.

ராஸ்பெர்ரி பை 5 பலகையில் செருகும் இடம் சிறியது. அதற்கு வேறு பட்டை வேண்டும்.

லினக்ஸ் செய்யும் வேலை

புதிய திரையோடு லினக்ஸ் பேச ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். இதை டிரைவர் என்பார்கள். இதுவும் ஒரு மென்பொருளே. மேலே சொன்ன திரைக்கு அது லினக்ஸோடு சேர்ந்தே வருகிறது. வேறு திரை வாங்கினால், "இதற்கு லினக்ஸ் டிரைவர் உண்டா?" என்று கடையில் கேளுங்கள். இல்லை என்றால் மலிவாகக் கிடைத்தாலும் பயன் இல்லை.

திரையில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிகிறதா? அது கோளாறு அல்ல. அந்த மொழியின் எழுத்துரு இல்லை. குஜராத்தி, தமிழ், இந்தி எதுவானாலும் எழுத்துருவைச் சேர்த்தால் தெரியும்.

கோளாறு எங்கே?

படமும் இல்லை, வெளிச்சமும் இல்லை: முதலில் மின்சார வயரைப் பாருங்கள்.

வெளிச்சம் உண்டு, படம் இல்லை: பட்டை வயரை, அல்லது எச்.டி.எம்.ஐ. வயரைப் பாருங்கள்.

படம் உண்டு, தொட்டால் வேலை செய்யவில்லை: ஒரு மவுஸைச் செருகிப் பாருங்கள். அம்புக்குறி நகர்ந்தால் கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது. கோளாறு விரலின் வழியில்தான். கண்ணாடியை உலர்ந்த துணியால் துடையுங்கள். வயரைச் சரி பாருங்கள்.

இடப்பக்கம் தொட்டால் வலப்பக்கம் வேலை செய்கிறது: படத்தைத் திருப்பி வைத்திருக்கிறார்கள். தொடுதலைத் திருப்பவில்லை. லினக்ஸின் அமைப்புகளில் அதையும் திருப்ப வேண்டும். புதிய திரை தேவையில்லை.

அணைக்கும் முறை

வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்காதீர்கள். மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் எழுதியது சிதையும். பத்து நாள் பால் கணக்கும் போய்விடலாம். திரையில் உள்ள 'ஷட்டவுன்' பொத்தானைத் தொடுங்கள். அணைந்த பிறகு சுவிட்சை நிறுத்துங்கள். அடிக்கடி மின்சாரம் போகும் ஊரில் பேட்டரி வைப்பது நல்லது. கணக்கை வேறு இடத்திலும் நகல் எடுத்து வையுங்கள்.

கணக்குச் சீட்டையும் பத்திரமாக வையுங்கள். திரையில் தெரிந்த எண்ணும் சீட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். இயந்திரம் காட்டியது என்பதற்காக எதையும் அப்படியே ஏற்க வேண்டாம். எடையும் விலையும் அதற்குச் சொல்லிக் கொடுத்தவர் மனிதர்தான்.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் ஊரில் எந்த எந்த இடங்களில் தொடுதிரை இருக்கிறது?

2. படம் தெரிகிறது, தொட்டால் வேலை செய்யவில்லை. முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

3. ஈரக் கையோடு வேலை செய்யும் இடத்துக்கு எந்த வகைத் திரை பொருந்தும்? ஏன்?

4. "திரை போய்விட்டது" என்று ஒருவர் சொன்னால் அவரிடம் என்ன கேட்பீர்கள்?