உடையும் கொடையும்

மயிலுக்குத் தன் போர்வையை ஈந்த பேகனைத் தமிழிலக்கியம் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகப் போற்றுகிறது. மயிலுக்குப் போர்வை பயன்படாது என்பதை அவன் அறியாதவன் அல்லன் என்பது புறநானூற்றில் பரணர் பாடலால் தெரிகிறது. பயனை எண்ணிப் பாராமல் வழங்கும் இப்பண்பைக் 'கொடைமடம்' என்று அப்புலவர் சிறப்பித்தார். ஒரு மன்னனும் ஒரு மயிலும் மட்டுமே நின்ற மலைச்சாரலில் அது அழகுதான். பல்லாயிரம் வீடுகளிலிருந்து ஒரே நேரத்தில் மூட்டை மூட்டையாகத் துணிகள் புறப்படும் இக்காலத்திலோ, அவை எங்குச் செல்கின்றன, யாருக்குப் பயன்படுகின்றன என்னும் வினாக்களைத் தவிர்க்க இயலாது.

வாசலுக்கு வரும் பை

இங்கிலாந்தில் வீட்டுக் கதவிலுள்ள அஞ்சல் துளை வழியாக வெறும் நெகிழிப் பை ஒன்று உள்ளே வந்து விழுவது பல ஆண்டுகளாக உள்ள வழக்கம். அப்பையின் மேல் ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயரும் அதன் பதிவு எண்ணும் வண்டி வரும் நாளும் அச்சிடப்பட்டிருக்கும். வீட்டார் தமக்கு வேண்டாத ஆடை, காலணி, கைப்பை முதலியவற்றை அதில் இட்டு, குறித்த நாளில் காலையிலேயே வாசலில் வைத்துவிடுவர். வண்டி வந்து எடுத்துச் செல்லும். இவ்வாறு வீடு வீடாகத் திரட்டுவதற்கு உரிமம் பெறும் முறையை 1939ஆம் ஆண்டிலேயே அந்நாடு சட்டமாக்கியது.

பையில் இட்ட சட்டை நேரே ஓர் ஏழையின் தோளைச் சென்றடையும் என்றே பலரும் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அவ்வாறு நிகழ்வதில்லை. தொண்டு நிறுவனம் நாடுவது சட்டையை அன்று. அதனை விற்றுப் பெறும் பணத்தை. நல்ல நிலையிலுள்ள ஆடைகள் அந்நிறுவனங்களே நடத்தும் கடைகளுக்குச் செல்கின்றன. ஆக்ஸ்போர்டு நகரின் பிராட் தெருவில் 1940களின் இறுதியில் ஆக்ஸ்ஃபாம் நிறுவனம் தொடங்கிய கடை இவ்வகையில் பெயர் பெற்றது. கடையில் விலைபோகாதவை எடைக்கணக்கில் துணி வணிகர்களுக்கு விற்கப்படுகின்றன. அவர்கள் தரம் பிரித்துக் கிழக்கு ஐரோப்பா, ஆப்பிரிக்கா, தெற்காசியா ஆகிய பகுதிகளுக்கு ஏற்றுமதி செய்கின்றனர். கிடைத்த பணம் மருத்துவ ஆய்வுக்கோ முதியோர் நலனுக்கோ பஞ்ச நிவாரணத்துக்கோ செல்லுமாயின் இம்முறையில் குறைகூற ஏதுமில்லை.

குறை நேர்வது வேறோர் இடத்தில். சில பைகளை வினியோகிப்பது தொண்டு நிறுவனம் அன்று, வணிக நிறுவனம். தொண்டு நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்துவதற்காக ஒரு டன்னுக்கு இவ்வளவு என ஒரு தொகையை அது செலுத்திவிட்டு, எஞ்சிய வருவாயைத் தானே வைத்துக்கொள்ளும். இதற்கும் அப்பால், பதிவு எண் ஏதுமின்றி, ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்னும் உருக்கமான சொற்களை மட்டும் தாங்கிய போலிப் பைகளும் உண்டு. எனவே பையிலுள்ள எண்ணை அரசின் தொண்டு நிறுவனப் பதிவேட்டில் சரிபார்த்த பின்னரே துணியை இடவேண்டும் என்று அங்குள்ள மக்கள் அறிவுறுத்தப்படுகின்றனர். தமிழகத்துத் தெருக்களில் பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தரும் வணிகர் கூவிச் செல்வதும் வாசலில் நிகழும் துணி வசூல்தான். ஆனால், அது வணிகம் என்பதைக் கொடுப்பவரும் அறிவார்; கொள்பவரும் அறிவார். பேரமும் வெளிப்படையாகவே நடக்கும்.

பானிப்பட்டில் ஒரு மறுபிறவி

மேலைநாடுகளில் கழிக்கப்பட்ட கம்பளி ஆடைகள் அரியானா மாநிலத்தின் பானிப்பட்டு நகருக்குப் பெருமளவில் வந்து சேர்கின்றன. உடுத்தத்தக்க நிலையிலுள்ள பழைய ஆடைகளைத் தடையின்றி இறக்குமதி செய்ய இந்திய அரசு இசைவளிப்பதில்லை. ஆகவே, மீண்டும் அணிய முடியாதவாறு வெட்டப்பட்ட கந்தைகளாகவே அவை வருகின்றன. அங்குள்ள கிடங்குகளில் பெண்கள் தரையில் அமர்ந்து பொத்தான்களையும் இழுவைப் பல்லிணைப்புகளையும் அடையாளத் துண்டுகளையும் அறுத்து நீக்குகின்றனர். பின்னர் நிறவாரியாகக் குவிக்கின்றனர். நிறம் பிரித்து நூற்பதால் புதிதாகச் சாயமேற்ற வேண்டிய தேவை குறைகிறது. இயந்திரங்கள் துணியைக் கிழித்து இழைகளாக்க, அவ்விழைகள் மீண்டும் நூலாகிக் கம்பளங்களாக நெய்யப்படுகின்றன. துணித்தூசு நிறைந்த காற்றைச் சுவாசித்துக்கொண்டே செய்யவேண்டிய கடும்பணி இது.

இத்தொழில்நுட்பம் பிறந்ததும் இங்கிலாந்தில்தான். யார்க்சயர் பகுதியின் பாட்லி என்னும் ஊரில் 1813ஆம் ஆண்டு பெஞ்சமின் லா என்பவர் கந்தைக் கம்பளியிலிருந்து நூல் எடுக்கும் முறையை உருவாக்கினார். இன்று பானிப்பட்டில் நெய்யப்படும் மலிவு விலைக் கம்பளங்களை வாங்குவோருள் பேரிடர் நிவாரண அமைப்புகளும் அடங்கும். ஊர் தெரியாத ஒருவரின் மேலங்கி, நிலநடுக்கத்தில் வீடிழந்தவரின் போர்வையாக மாறிவிடக்கூடும். கொடுத்தவரும் அதனை அறியார், போர்த்தியவரும் அறியார்.

நாகையின் சாலையோரம்

2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியதில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் உதவிப் பொருள்கள் வந்து குவிந்தன. அவற்றுள் பழந்துணி மிகுதி. கரையோர மக்களுள் பலர் அவற்றைத் தொடவும் மறுத்தனர். பிரிக்கப்படாத துணிகள் சாலையோரங்களில் மலைபோல் கிடந்து மண்ணில் புரண்டன. உயிரிழந்தோரைத் தேடுவதற்கும் உயிரோடிருப்போரைக் காப்பதற்கும் நேரம் போதாதிருந்த வேளையில், அக்குவியல்களை அகற்றுவது தனியொரு வேலையாயிற்று.

அம்மறுப்பை நன்றியின்மை எனக் கொள்வது பிழையாகும். மீனவர்கள் இரந்து வாழ்ந்தவர்கள் அல்லர். கடலில் உழைத்து ஈட்டிய பொருளால் புத்தாடை வாங்கி உடுத்தியவர்கள். ஒரே காலைப்பொழுதில் உறவையும் உடைமையையும் பறிகொடுத்து நின்றவர்களிடம், பிறர் உடுத்திக் கழித்த துணியை, அதுவும் வண்டியிலிருந்து அள்ளி வீசியபோது, எஞ்சியிருந்த தன்மதிப்பும் புண்பட்டது. அவர்களுக்கு வேண்டியிருந்தவை படகு, வலை, சமைக்கப் பாத்திரம், தலைக்குமேல் கூரை ஆகியவை. கொடுத்தோரின் மனத்தில் இரக்கம் இருந்தது என்பதில் ஐயமில்லை. வீட்டு அலமாரியைக் காலிசெய்யும் எண்ணமும் சிலரிடம் அதனுடன் கலந்திருந்தது எனக் கூறுவது மிகையாகாது.

கூலியான துணி

தில்லியில் 1999ஆம் ஆண்டு அன்ஷு குப்தா தம் வீட்டிலிருந்து திரட்டிய 67 ஆடைகளுடன் 'கூஞ்ச்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். 'எதிரொலி' என்பது அவ்விந்திச் சொல்லின் பொருள். தமிழகக் கடலோரத்தில் ஒதுக்கப்பட்டுக் கிடந்த துணிகளைத் திரட்டிப் பயன்படுத்தும் பணியிலும் அவ்வமைப்பு பங்கேற்றது. துணியை இலவசமாக வழங்குவதில்லை என்பது அதன் முறை. ஊரார் கூடித் தம் ஊருக்கு வேண்டிய பணி எதுவென்று தாமே முடிவுசெய்வர். கிணறு தோண்டுதல், குளம் தூர்வாருதல், பாதை செப்பனிடுதல், மூங்கில் பாலம் அமைத்தல் என அது எதுவாகவும் இருக்கலாம். பணி முடிந்தபின் ஆடைகளும் வீட்டுப் பொருள்களும் உழைப்பின் ஊதியமாக அவர்களைச் சென்றடையும். கையேந்திப் பெறும் நிலை அங்கு இல்லை. 2015ஆம் ஆண்டு அன்ஷு குப்தாவுக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது.

விருதினும் கருதத்தக்கது அவ்வமைப்பின் கூடங்களில் நாள்தோறும் நடைபெறும் வேலை. வந்து சேரும் ஒவ்வோர் ஆடையும் விரித்துப் பார்க்கப்படுகிறது. மலைப்பகுதிக்கு உரியது எது, சமவெளிக்கு உரியது எது, எவ்வூர்ப் பெண்கள் சேலை உடுப்பர், எவ்வூர்ப் பெண்கள் சல்வார் அணிவர் என்பன ஆராயப்படுகின்றன. உடுத்த இயலாத பருத்தித்துணி தூய்மைசெய்யப்பட்டு, மாதவிடாய்க் காலத்தில் பெண்களுக்குப் பயன்படும் அணையாடையாகிறது. முரட்டுத்துணி பள்ளிப் பையாகிறது. பொத்தான் இழந்த சட்டைக்குப் பொத்தான் தைக்கப்படுகிறது. நாடா உருவப்பட்ட பாவாடைக்குப் புதிய நாடா கோக்கப்படுகிறது.