தலை இருக்கு, வாய் இல்லை!
(கிட்டார் ஆம்ப்ளிபயர்காரர்களின் பேச்சு)



கோயில் கொடைக்கு மைக் செட் கட்டுறவங்க பேசுவதைக் கவனித்திருக்கிறீர்களா? "குழாயை வேப்பமரத்துல கட்டுல" என்பார்கள். அது தண்ணீர்க் குழாய் இல்லை, கூம்பு ஸ்பீக்கர். எல்லாத் தொழிலுக்கும் இப்படி ஒரு தனிப் பேச்சு உண்டு. எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்களுக்கும் உண்டு. அதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் காசும் போகும், பெட்டியும் போகும். எப்படி என்று பார்ப்போமா?

எலக்ட்ரிக் கிட்டாரைத் தனியாக வாசித்தால் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் கேட்கும். கம்பி அதிரும்போது அதன் அடியில் உள்ள காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்து சின்ன மின்சாரத்தை உண்டாக்கும். அதைப் பெரிசாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவதுதான் ஆம்ப்ளிபயர்.

1. ஆம்ப்: ஆம்ப்ளிபயரைச் சுருக்கி "ஆம்ப்" என்பார்கள். ஆனால் எலக்ட்ரீஷியன் "அஞ்சு ஆம்ப் ப்யூஸ்" என்றால் அது ஆம்பியர், மின்னோட்டத்தின் அலகு. சொல் ஒன்று, பொருள் இரண்டு.

2. ஹெட்: ஹெட் என்றால் தலை. ஆம்ப்ளிபயர் மட்டும் உள்ள பெட்டிக்கு இந்தப் பெயர். ஸ்பீக்கர் உள்ள பெட்டிக்கு "கேப்" என்று பெயர். வாடகைக் கார் இல்லை, கேபினெட் என்பதன் சுருக்கம். இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால் "காம்போ". கேப் மேல் தலையை ஏற்றி வைத்தால் "ஸ்டாக்", அதாவது அடுக்கு. 1965-ல் இங்கிலாந்தில் பீட் டவுன்ஷெண்ட் என்ற கிட்டார் கலைஞர், ஒரே பெட்டியில் எட்டு ஸ்பீக்கர் வேண்டும் என்று ஜிம் மார்ஷலிடம் கேட்டார். தூக்குகிறவர்களுக்கு முதுகு ஒடிந்தது. பிறகு நாலு நாலாக இரண்டு பெட்டி செய்து அடுக்கினார்கள்.

எங்கள் சொந்தத்தில் ஒரு அண்ணன் சர்ச்சில் கிட்டார் வாசிப்பார். லோடு ஏற்றிச் சேர்த்த பணத்தில் பழைய வால்வு ஆம்ப் ஒன்று வாங்கினார். விற்றவர் "ஹெட்டுதான் இருக்கு" என்று முதலிலேயே சொல்லியிருக்கிறார். அண்ணனோ, தலைமை ஆசிரியர் மாதிரி, ஹெட் என்றால் எல்லாவற்றிலும் உசத்தி என்று நினைத்துவிட்டார். வீட்டில் பிரித்துப் பார்த்தால் ஸ்பீக்கரே இல்லை! "சும்மா போட்டுப் பார்ப்போமே" என்று சுவிட்சுக்குக் கையைக் கொண்டு போனார். மைக் செட் வைத்திருக்கும் சித்தப்பா, "ஏய், தொடாத!" என்று சத்தம் போட்டார். காரணம் இதுதான். வால்வு ஆம்ப்பில் ஸ்பீக்கரை மாட்டாமல் வாசித்தால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் எரிந்து போகலாம். ஒரு சொல் புரியாததால் அண்ணன் அடுத்த மூணு மாதம் கேப் வாங்கக் காசு சேர்த்தார்.

3. வால்வு, டியூப்: இரண்டும் ஒன்றுதான். இங்கிலாந்துக்காரர் வால்வு என்பார், அமெரிக்கர் டியூப் என்பார். நம் தாத்தாக்கள் "வால்வு ரேடியோ" என்றது இதைத்தான். டியூப்பைத் தமிழில் குழாய் என்று சொல்லப்போனால் மைக் செட்காரர் கூம்பு ஸ்பீக்கரை எடுத்து நீட்டுவார்! இந்த ஆம்ப்புக்குள் சில நூறு வோல்ட் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். தெரியாதவர்கள் திறக்கவே கூடாது.

4. சுத்தம், அழுக்கு: "கிளீன்" என்றால் தெளிவான ஒலி. "டர்ட்டி" என்றால் கரகரப்பான ஒலி. நமக்குக் கரகரப்பு ரிப்பேர். அவர்களுக்கு அதுதான் ருசி. 1964-ல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், அந்தக் கரகரப்புக்காகவே தன் சின்ன ஆம்ப்பின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கிழித்தார்.

5. டிரெமோலோ, வைப்ரட்டோ: ரேடியோவின் சத்தத்தை விடாமல் ஏற்றி இறக்கினால் அது டிரெமோலோ. சுருதியே மேலும் கீழும் அசைந்தால் வைப்ரட்டோ. 1954-ல் வந்த பெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் சுருதியை அசைக்கும் கம்பிக்கு டிரெமோலோ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதே கம்பெனியின் சில ஆம்ப்புகளில் சத்தத்தை அசைக்கும் குமிழுக்கு வைப்ரட்டோ என்று எழுதினார்கள். தலைகீழ்! அந்தக் குழப்பம் இன்னும் தீரவில்லை.

6. வாட்: 100 வாட் ஆம்ப் 50 வாட்டை விட இரண்டு மடங்கு சத்தம் என்று நினைப்போம். இல்லை. கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். வாட்டைப் பார்த்து மயங்கி அதிக விலை கொடுக்காதீர்கள்.

ஆகவே யாராவது பழைய ஆம்ப் வாங்கினால் மூன்று கேள்வி கேளுங்கள். ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கா? எத்தனை ஓம் ஸ்பீக்கர் மாட்டணும்? வால்வா, டிரான்சிஸ்டரா?

"இதுகூடத் தெரியாதா?" என்று சிரிப்பார்களோ என்று பயந்து வாயை மூடிக்கொள்ளக் கூடாது. சிரிப்பு ஒரு நிமிஷம், நஷ்டம் மூணு மாசம். கிட்டாருக்கு மட்டும் இல்லை, ரேஷன் கடைக்கும் பேங்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் இதே கதைதான்.

உங்கள் வீட்டுத் தொழிலிலும் இப்படிச் சொற்கள் இருந்தால் எழுதிக் கொடுங்கள். அடுத்த இதழில் ஒட்டுவோம்.



– 9-ஆம் வகுப்பு மாணவி