மக்கள் பெயரில் ஒருவர்

2010 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெனிசுவேலா அதிபர் ஹியூகோ சாவேஸ், கராகஸ் நகரின் பொலிவார் சதுக்கத்தைச் சுற்றி வந்தார். தொலைக்காட்சியில் நேரலை. ஒரு கட்டடத்தைக் காட்டி, அது என்ன என்று கேட்டார். தனியார் நகைக்கடைகள் என்று பதில் வந்தது. “கையகப்படுத்துங்கள்!” என்றார். அடுத்தடுத்த கட்டடங்களுக்கும் அதே உத்தரவு.

இதுதான் பாப்புலிசத்தின் முகம். ஆனால் பாப்புலிசம் என்றதும் நம் ஊரில் இலவசத் திட்டங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஏழைக்கு அரிசி கொடுப்பதை அந்தப் பெயரால் திட்டுவது அநியாயம். நாட்டில் நல்ல மக்கள் ஒரு பக்கம், அவர்களை ஏய்க்கும் மேட்டுக்குடி மறுபக்கம், அந்த மக்களின் ஒரே குரல் தானே என்று ஒரு தலைவர் உரிமை கொண்டாடுவதுதான் பாப்புலிசம். இடதுசாரி, வலதுசாரி இருவரிடமும் இது உண்டு. அப்படிப்பட்ட தலைவரை எதிர்ப்பவர் மக்கள் கணக்கிலேயே வரமாட்டார் என்பதுதான் இதன் ஆபத்து என்று ஜெர்மானிய அறிஞர் யான்-வெர்னர் முல்லர் 2016இல் வெளியான தன் நூலில் வாதிடுகிறார்.

ஆனால் இத்தகைய அரசியலை வளர்க்கும் மக்களின் கோபத்தில் நியாயம் இருக்கும். ரயில் கட்டணத்தாலும் கடனாலும் நொடித்த அமெரிக்க விவசாயிகள் 1892 தேர்தலில் ‘மக்கள் கட்சி’யாகக் களமிறங்கினார்கள். அவர்கள் கேட்ட வருமான வரியும், செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் 1913இல் அரசியல் சாசனத்தில் இடம்பிடித்தன.

வெனிசுவேலாவிலும் கோபத்துக்குக் காரணம் இருந்தது. 1989இல் பஸ் கட்டண உயர்வால் வெடித்த கலவரத்தை அரசு துப்பாக்கியால் அடக்கியது; நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். பழைய கட்சிகள் மீதான அந்த வெறுப்பும் சேர்ந்துதான் 1998இல் சாவேஸை வெற்றி பெற வைத்தது. எண்ணெய் விலை ஏறியபோது, குடிசைப் பகுதிகளுக்குக் கியூப மருத்துவர்கள் வந்தார்கள். வறுமையும் குறைந்தது. இதை மறைத்துவிட்டு அவரை எடைபோட முடியாது.

ஆனால் அதிகாரம் ஒரே கையில் குவிந்தது. 2004இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எண்ணிக்கை 20இலிருந்து 32 ஆனது. புதிய இடங்களில் ஆதரவாளர்கள் அமர்ந்தார்கள். 2007இல், எதிர்த்துப் பேசிய ஆர்.சி.டி.வி. தொலைக்காட்சியின் ஒளிபரப்பு உரிமம் புதுப்பிக்கப்படவில்லை.

இவற்றைவிடக் கொடுமையானது கையெழுத்துப் பட்டியல். சாவேஸைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்க வாக்கெடுப்பு கோரி லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். 2004 ஆகஸ்டில் நடந்த வாக்கெடுப்பில் அவரே வென்றார். கையெழுத்திட்டவர்களின் பெயர்களையோ, ஆளும் தரப்பு எம்.பி. ஒருவர் முன்பே இணையத்தில் வெளியிட்டிருந்தார். பலருக்கு அரசு வேலை போனது. பலருக்கு வேலையே மறுக்கப்பட்டது. அவர்கள் பயன்படுத்திய உரிமை, சாவேஸே முன்னின்று கொண்டுவந்த 1999 அரசியல் சாசனம் கொடுத்தது.