கழுத்துக் கட்டியும் நுண்ணூசிப் பரிசோதனையும்

இலங்கையில் மிகுதியான மழை பெறும் இடங்களுள் ஒன்றான வட்டவளையிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் கழுத்து வீக்கம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அயடீன் குறைவால் உண்டாகும் கழலைதான். 1995இல் உப்புக்கு அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்ட பின்னரும் அவ்வெண்ணம் முற்றாக மறையாததால், வலியில்லாத கட்டியோடு ஆண்டுக்கணக்கில் கொழுந்து பறிப்போர் உண்டு. தைரொயிட்டுச் சுரப்பியில் தோன்றும் அத்தகைய கட்டிகளுள் பெரும்பாலானவை தீங்கற்றவை என்பதும், புற்றாயினும் அது பெரும்பாலும் எளிதில் குணமாகும் பப்பிலரி வகையாகவே இருக்கும் என்பதும் உண்மையே.

அரிதான மெடுலரி வகையின் போக்கோ வேறு. தைரொயிட்டு ஓமோனைச் சுரக்கும் கலங்களில் தோன்றாமல், அவற்றிடையே சிதறிக் கிடந்து கல்சித்தோனின் என்னும் மற்றோர் ஓமோனைச் சுரக்கும் சீ கலங்களில் தோன்றும் இப்புற்று அயடீனை உள்வாங்காததால், பப்பிலரி வகைக்குக் கைகொடுக்கும் கதிரியக்க அயடீன் சிகிச்சை இதற்குப் பயன்படாது. ஆகவே சத்திரசிகிச்சைக்கு முன்னரே வகையை அறிவது அவசியமாகிறது.

அதற்கான முதல் வழி நுண்ணூசிப் பரிசோதனை. ஸ்கேன் திரையைப் பார்த்தபடி மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்திச் சிலமுறை முன்பின்னாக அசைக்கும்போது ஊசித்துளையில் சேரும் கலங்கள், கண்ணாடித் தகட்டில் பூசப்பட்டுச் சாயமேற்றப்படுகின்றன. மெடுலரியாயின், கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சிதறிக் கிடக்கும். கரு ஒருபுறம் ஒதுங்கிய உருண்டைக் கலங்களும் இருமுனை கூர்ந்த நீள்கலங்களும் ஒரே தகட்டில் கலந்திருக்கும். கருவினுள் உப்பும் மிளகும் தூவினாற்போலப் புள்ளிகள் தெரியும். இடையிடையே படிந்திருக்கும் அமிலோயிட்டு என்னும் புரதம், கொங்கோ சிவப்புச் சாயமிட்டு முனைவாக்கிய ஒளியில் நோக்கும்போது அப்பிள் பச்சையாக ஒளிரும்.

இவை எப்போதும் ஒருங்கே அமைவதில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, இந்நோயாளருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடமே ஊசிப் பரிசோதனை மட்டும் நோயை இனங்காட்டியிருந்தது. சந்தேகம் எழுந்தால், ஊசியை உப்புநீரில் அலசி அந்நீரிலும், நோயாளியின் இரத்தத்திலும் கல்சித்தோனினை அளக்க வேண்டும். அச்சந்தேகம் எழுவதற்கு வைத்தியசாலைத் துண்டில் "கழுத்துக் கட்டி" என்ற இரு சொற்கள் போதா. தீராத வயிற்றோட்டம் உண்டா, குடும்பத்தில் எவருக்கேனும் இத்தகைய கட்டி இருந்ததா என்பனவும் எழுதப்பட்டிருந்தால்தான் நுணுக்குக்காட்டியில் நோக்குபவர் எதைத் தேடுவதென்று அறிவார்.

குடும்பத்தைக் கேட்பது வெறும் சம்பிரதாயமன்று. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்நோய் ரெட் என்னும் பரம்பரையலகின் மாற்றத்தால் வழிவழியாக வருகிறது. அவர்களுள் சிலருக்குச் சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரினற் சுரப்பியிலும் கட்டி இருக்கலாம். அதை முன்னரே கண்டறியாமல் மயக்கமருந்து கொடுத்தால் இரத்த அழுத்தம் உயிராபத்தான அளவுக்கு ஏறக்கூடும். நோயாளியின் பிள்ளைகளுக்கு அதே மாற்றம் இருப்பது இரத்தப் பரிசோதனையில் தெரியவந்தால், மாற்றத்தின் தன்மைக்கேற்ப, சிலவேளை குழந்தைப் பருவத்திலேயே, கட்டி தோன்றுமுன் தைரொயிட்டுச் சுரப்பியை அகற்றிவிடுகிறார்கள்.